எத்தனை டம்ளர் பால்?

பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. கட்டுத்தரை ஓரம் உட்கார்ந்து மண்சுவரை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். நான் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதைப் பார்த்ததும் அவன் அம்மா ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள். “எந்நேரமும் மண்ணுதானுங்க நர்சம்மா. அடிச்சாலும் கேக்கறதில்லீங்க.” சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டேன். “சோத்தைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குவானுங்க. பாலுன்னா உசுரு. நம்மூட்டு மாட்டுப் பாலுங்க, ஒரு சொட்டுத் தண்ணி கலக்கறதில்லீங்க.”

அது 1994. கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக எனக்கு நாலாவது வருடம். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு நான் ஒருத்தி. அந்தப் பையனின் எடை அட்டையை நிரப்பியதெல்லாம் நான்தான். மாதாமாதம் தராசில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறேன். கோடு மேலேயே போய்க்கொண்டிருந்தது. கொழுகொழுவென்று இருப்பான். ‘வளர்ச்சி நன்று’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். மண் தின்றதைப் பார்த்த பிறகுதான் வெயிலில் நிறுத்திக் கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. அவன் உள்ளங்கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசியது போல இருந்தது.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தோம். அப்போதெல்லாம் சாலி முறைதான். அளவு போட்ட சின்னக் கண்ணாடிக் குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அடிக்கோடு வரை விட்டுக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் குத்தி, மெல்லிய பிப்பெட்டில் 20 என்ற கோடு வரை ரத்தத்தை உறிஞ்சி அமிலத்தில் கலந்தால் பழுப்பாகும். பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துவந்ததும் நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். நல்ல ரத்தம் நிறையத் தண்ணீர் வாங்கும், குழாயில் மட்டம் ஏறிக்கொண்டே போகும். இந்தப் பையனுடையது சீக்கிரமே வெளுத்து நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். 6 கிராம். அந்த வயதுக்கு 11-க்குக் கீழே போனாலே சோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடியும் விரலைக் குத்தினேன். அதே 6.

டாக்டரம்மா அந்தத் தாயிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால் குடிக்கிறான்?”

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாலை யார் எண்ணி வைப்பார்கள்? விரல்விட்டு எண்ணச் சொன்னோம். எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் சோறு வேண்டாம் என்று அழுதால் ஒன்று, சாயங்காலம் கறந்ததும் ஒன்று, படுக்கும்போது பாட்டிலில், நடுராத்திரி சிணுங்கினால் மறுபடியும் பாட்டிலில். கூட்டிப் பார்த்தால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் வந்தது. அந்தச் சின்ன வயிற்றில் அதற்கு மேல் சோற்றுக்கு எங்கே இடம்?

டாக்டரம்மா அன்று எனக்குச் சொன்னதை முப்பது வருடமாக ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன். ஒரு லிட்டர் மாட்டுப் பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அந்த வயதுக் குழந்தைக்கு நாளைக்கு எட்டு மில்லிகிராமாவது வேண்டும். தாய்ப்பாலிலும் இரும்பு குறைவுதான். ஆனால் அதில் இருப்பதைக் குழந்தையின் குடல் பாதியளவு இழுத்துக்கொள்ளும், மாட்டுப் பாலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் சேரும். போதாததற்குப் பாலில் நிறைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் கேசின் என்ற புரதமும் மற்ற உணவில் இருந்து வரும் இரும்பையும் சரியாகச் சேரவிடாது. ஒரு வயதுக்கு உள்ளே மாட்டுப் பால் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் குடலில் ரத்தம் கசியும். இத்தனையும் சேர்ந்தால் எடை ஏறும், கன்னம் உப்பும், ரத்தம் மட்டும் வற்றும். மண், பல்பம், அரிசி, சாம்பல் என்று கண்டதைத் தின்னும் ஆசை பல சமயம் இரும்புக் குறையால் வருவது. பையன் சேட்டைக்காகச் சுவரைச் சுரண்டவில்லை.

இரும்பு டானிக் கொடுத்தோம். பாலை நாளைக்கு இரண்டு டம்ளராகக் குறைக்கச் சொன்னோம். பாட்டிலைத் தூக்கி எறியச் சொன்னோம். முதல் மூன்று நாள் அந்த வீட்டில் ஒரே அழுகை. நாலாம் நாள் போனபோது அவன் அப்பத்தா திண்ணையில் இருந்தே ஆரம்பித்துவிட்டார். “பச்சைப் புள்ளை வயித்துல அடிக்கிறயே அம்மிணி, நீ நல்லா இருப்பியா?” நான் பதில் பேசவில்லை. ராகிக் கூழில் வெல்லம் போட்டு ஒரு கிண்ணம் கரைத்துத் தரச் சொல்லி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன். பசித்த பிள்ளை, வாங்கிக்கொண்டான். டானிக்கால் மலம் கறுப்பாகப் போனதற்கு இன்னொரு சண்டை. இரண்டு வாரத்தில் சுவரைச் சுரண்டுவதை அவனாகவே விட்டான். இரண்டு மாதம் கழித்து மறுபடி சாலிக் குழாயில் பார்த்தபோது பத்தரை. அப்பத்தா அன்று எனக்கு ஒரு சீப்பு கதலி கொடுத்தனுப்பினார்.

ஆனால் எனக்கு அந்த எடை அட்டை மனதில் தைத்துக்கொண்டே இருந்தது. எட்டு மாதம் நான் பார்த்த குழந்தை. தராசைப் பார்த்தேன், குழந்தையைப் பார்க்கவில்லை. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் டாக்டரம்மா கேட்ட கேள்வியை நான் கேட்பேன்.

“காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடலீங்க” என்பாள் தாய். “வெறும் பால்தானுங்க” என்பாள் அடுத்த மூச்சில். பால் எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுக் கணக்கில் வராது, தண்ணீர் மாதிரி. டம்ளரை எடுத்து வரச் சொல்வேன். எவர்சில்வர் டம்ளர் வீட்டுக்கு வீடு வேறு. ஒன்று 150 மில்லி பிடிக்கும், ஒன்று 300 பிடிக்கும். சிலர் குழந்தைக்கென்று சொம்பே வைத்திருப்பார்கள். மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸை என் பையில் போட்டுக்கொண்டு போய் அவர்கள் கண்முன் அளந்து காட்டுவேன். ஒரு வயது தாண்டினால் நாளைக்கு 400, மிஞ்சிப்போனால் 500 மில்லி. அதுவும் சாப்பிட்ட பிறகு. இரும்பு டானிக்கையும் பாலையும் சேர்த்துக் கொடுக்காதே, நடுவில் இரண்டு மணி நேரம் விடு. முட்டை கொடு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் எடுத்தால் முதல் துண்டு பிள்ளைக்கு. கீரை கடைந்தால் ரெண்டு சொட்டு எலுமிச்சம் பிழி, அப்போதுதான் கீரையின் இரும்பு உடம்பில் ஒட்டும். மலச்சிக்கல் என்று தூக்கிவந்த எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாலைக் குறைத்துக் கஞ்சியும் பழமும் கொடுத்ததிலேயே சரியாயிற்று. பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கிய பிள்ளைகளின் முன்பற்கள் கறுத்துக் கரைந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சின்னக் குழந்தைகளின் கதை வேறு. மாடு கன்று போட்டால் முதல் இரண்டு மூன்று நாள் பாலை எங்கள் ஊர்களில் எவ்வளவு மரியாதையாக நடத்துவார்கள்! மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்புவார்கள். அதே வீட்டில் மருமகள் பிள்ளை பெற்றால் அவளுடைய சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிடுவார்கள், கெட்ட பால், பிள்ளைக்கு ஆகாது என்று. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், மூன்றாம் நாளில் இருந்து தண்ணீர் கலந்த மாட்டுப் பால். ஒரு முறை, மாடும் மருமகளும் ஒரே வாரத்தில் பெற்ற வீட்டில், தட்டில் சீம்பாலைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்கள். நான் கை வைக்கவில்லை. “ஆத்தா, கன்னுக்குட்டிக்கு அதன் அம்மா சீம்பாலை ஊட்ட விட்டீங்களா?” என்றேன். “ஊட்டாம? அது இல்லீன்னா கன்னு தேறுமா?” என்றார். “அப்புறம் இந்தக் குழந்தை எப்படித் தேறும்?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மருமகளைப் பார்த்து, “எடுத்துப் போடு அம்மிணி பிள்ளையை” என்றார். அதற்குப் பிறகுதான் தட்டை எடுத்தேன்.

மாட்டுப் பாலில் புரதம் தாய்ப்பாலைப் போல மூன்று மடங்கு. தாது உப்புகளும் மிக அதிகம். பிறந்த அன்றே எழுந்து நிற்கும் கன்றுக்காக ஆன பால் அது. கைக்குழந்தையின் சிறுநீரகத்துக்கு அந்தப் பாரம் தாங்காது. அதனால்தான் தண்ணீர் கலக்கிறோம் என்பார்கள். கலந்தால் கொழுப்பும் சக்தியும் நீர்த்துப்போகும், கலந்த தண்ணீரில் இருந்து வயிற்றுப்போக்கும் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாலு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று சொல்லச் சொன்னார்கள், பின்னால் அது ஆறு மாதம் ஆயிற்று. டின் பாலுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992-ல் சட்டமே வந்தது, நல்ல சட்டம். ஆனால் வாசலில் கட்டியிருக்கும் மாட்டுக்கு விளம்பரம் எதற்கு? அங்கே என் வாய்தான் சட்டம்.

பெரியவர்களிடமும் அதே கேள்விதான், பதில் மட்டும் வேறு மாதிரி. என் மாமியாருக்கு எலும்பு தேய்ந்திருக்கிறது, ராத்திரி ஒரு பெரிய டம்ளர் பால் குடிக்கச் சொன்னார்கள். குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு பொருமும், கடமுடவென்று சத்தம், விடியும் முன்னே இரண்டு தடவை கொல்லைக்குப் போவார். “எனக்குப் பால் விஷமாயிருச்சு” என்று பயந்துபோனார். விஷமில்லை. பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி பால்குடி வயதில் எல்லோருக்கும் இருக்கும். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்கே கிருமிகள் அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்கிவிடும். 1981-ல் வந்த ஓர் ஆய்வில் தென்னிந்தியர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இப்படி இருந்தது, வட இந்தியர்களில் கால் பங்கை ஒட்டித்தான். நம்மவர்கள் பாலைத் தயிராக்கி, மோராக்கிச் சாப்பிட்டதற்கு நான் வேறு காரணம் தேடுவதில்லை. உறை ஊற்றினால் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தயிரின் கிருமிகளே தின்றுவிடும். மாமியாருக்கு ராத்திரிப் பாலை நிறுத்தினேன். மத்தியானம் தயிர்ச் சோறு, காலையில் ராகிக் கூழில் மோர், சாயங்காலம் அரை டம்ளர் பாலில் காபி. ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வயிறு உள்ளவர்களிலும் பெரும்பாலோர் ஒரு சின்ன டம்ளரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் தாங்கிக்கொள்வார்கள். மொத்தமாக விட்டுவிட வேண்டியதில்லை.

ஒவ்வாமை என்பது இதிலிருந்து முழுக்க வேறு. அது பாலின் புரதத்தால் வருவது, பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு. தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம். என் முப்பது வருடத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் பார்த்தேன். ஆட்டுப் பாலுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. ஆகாது, இரண்டின் புரதமும் கிட்டத்தட்ட ஒன்று. மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

காய்ச்சாத பாலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மடியில் இருந்து கறந்த சூட்டோடு நுரையோடு குடித்தால் உடம்புக்கு உரம் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை. பால் கறந்து ஊற்றும் ஒருவருக்கு ஆறு வாரமாகக் காய்ச்சல். பகலில் எழுந்து வேலைக்குப் போவார், சாயங்காலம் குளிர் எடுக்கும், ராத்திரி போட்ட பனியன் பிழியும்படி வேர்க்கும். இடுப்பிலும் முட்டியிலும் தாளாத வலி. ஒரு தனியார் மருத்துவமனையில் டைபாய்டு என்று இரண்டு முறை ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நான் போன அன்று அவர் மனைவி பேச்சுவாக்கில், “இவருக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னால மாடு ஏழு மாசத்துல கன்னு வீசிருச்சுங்க. நேரமே சரியில்லை” என்றார். யார் நஞ்சுக்கொடியை எடுத்தது என்று கேட்டேன். இவர்தான், வெறும் கையால். அந்த மாட்டுப் பாலை அவர் பச்சையாகவும் குடித்துவந்தார். கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லோசிஸ். மாட்டில் இருந்து பாலின் வழியாகவும் அந்த நஞ்சுக்கொடி நீரின் வழியாகவும் மனிதனுக்கு வரும். மாவட்ட மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. ஆறு வாரம் இரண்டு மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டார், தேறினார். இந்த நோய்க்கு எதிராக நாலு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019-ல் வந்தது. மாட்டுக் காசநோயும் பச்சைப் பாலில் வரக்கூடியதே.

காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்பவர்களுக்கு: கொஞ்சம் பி வைட்டமின் போகும். சுண்ணாம்பும் புரதமும் எங்கும் போகாது. பாக்கெட் பாலை ஆலையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கித்தான் அனுப்புகிறார்கள். வீட்டுக் கறவையை நாம்தான் பொங்கவிட்டு இறக்க வேண்டும்.

ஆனால் காய்ச்சினாலும் போகாதவை உண்டு. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து சில நாள் இருக்கும். கால்நடை மருத்துவர் சொல்லும் நாள் முடியும்வரை அதை ஊற்றக்கூடாது, குடிக்கவும் கூடாது. மழையில் நனைந்து பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அப்ளாடாக்சின் இறங்கும், அது ஈரலைக் கெடுப்பது. மனுசன் தின்னாத பிண்ணாக்கு என்று மாட்டுக்குப் போட்டால் அது டம்ளரில் நமக்கே திரும்பி வருகிறது. இதை நான் கூட்டங்களில் சொல்லும்போது பெண்கள்தான் உன்னிப்பாகக் கேட்பார்கள், பிண்ணாக்கு ஊறவைப்பது அவர்கள்தான்.

சமீப காலமாக ஏ1, ஏ2 என்று கேட்கிறார்கள். பாலின் பீட்டா கேசின் புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறியிருப்பதுதான் வித்தியாசம். நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2. கலப்பின மாட்டுப் பால் நோய் தரும் என்று சொல்லுமளவுக்கு உறுதியான சான்று இல்லை. காங்கேயம் மாட்டை வளர்ப்பதற்கு நூறு நல்ல காரணங்கள் உண்டு. மூன்று மடங்கு விலை கொடுத்து ஏ2 பால் பாட்டிலை வாங்கும் ஏழைத் தாயிடம், அந்தக் காசில் தினம் ஒரு முட்டை வாங்கு என்றுதான் சொல்வேன்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் பாலுக்கு விரோதி என்று யாரும் நினைக்கக்கூடாது. 200 மில்லி டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, நல்ல புரதம் இருக்கிறது. கறி, முட்டை தொடாத வீட்டில் பி12 என்ற வைட்டமின் கிடைக்கப் பாலையும் தயிரையும் விட்டால் வேறு வழி குறைவு. எனக்கு அதை உறைக்கவைத்தது வேறொரு வீடு.

2001 வாக்கில், வாய்க்கால் மேட்டில். கணவன் லாரிக்குப் போகிறவர். கட்டுத்தரையில் ஒரு கலப்பினக் கறவை, மாட்டுக் கடனில் வாங்கியது. வேளைக்கு மூன்று லிட்டர் கறந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை, முழங்கால் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பழக்கத்தில் அதே கேள்வியைக் கேட்டேன். “எத்தனை டம்ளர் பால் குடிக்கிறா அம்மிணி?” தாய் பதில் சொல்லவில்லை. குழந்தை அம்மாவைப் பார்த்தது. திண்ணையில் அது குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்துப் பார்த்தேன். அடியில் வரக்காப்பி.

“கறக்கறது பூராம் சொசைட்டிக்குப் போயிருதுங்க. பால் காசுலதான் கடனும் கட்டோணும், பிண்ணாக்கும் வாங்கோணும்” என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஊரில் பாதி வீடு அப்படித்தான். மேலத் தெருவில் பாலால் நிரம்பிச் சோகை பிடித்த பிள்ளைகள், இங்கே மாட்டைக் கட்டிவைத்துக்கொண்டு பாலையே பார்க்காத பிள்ளை. பையில் இருந்து அவுன்ஸ் கிளாஸை எடுத்து, ஆறு லிட்டரில் 200 மில்லி எவ்வளவு என்று அளந்து காட்டினேன். முப்பதில் ஒரு பங்கு. அவள் விரலை மடக்கி மடக்கி அந்த ஒரு டம்ளரின் காசைக் கணக்குப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் சாயங்காலக் கறவை நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். பக்கெட் நிறைந்து நுரை தளும்பியது. சொசைட்டிக் கேனை இழுத்து வைத்தவள், ஊற்றுவதற்கு முன்னால் இடுப்பில் செருகியிருந்த டம்ளரை எடுத்துப் பக்கெட்டில் மொண்டு திண்ணையில் வைத்தாள். என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்குள், “காய்ச்சித்தானுங்க குடுப்பேன்” என்றாள். குழந்தை டம்ளரைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அடுப்பு எரிவதற்காகக் காத்திருந்தது.